மனசுக்குள் ஓர் இருட்டறை

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து ஈஸ்டர்ன் கேப் மாகாணத்துக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் கடற்கரையோடு திரும்பிவிடுகிறார்கள். சற்று உள்ளே தள்ளி, முன்பு கிரஹாம்ஸ்டவுன் என்றிருந்த மகாண்டாவுக்கு அவசியம் போக வேண்டும். ஹென்றி கார்ட்டர் கால்பின் என்ற கடிகாரக்காரரின் வீடு அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. அதன் உச்சியில் 1882இல் அவர் அமைத்த கேமரா அப்ஸ்குரா, அதாவது வெளிக்காட்சியை உள்ளே படமாக விழச்செய்யும் இருட்டறை, இன்றும் வேலை செய்கிறது. கதவைச் சாத்தினால் கும்மிருட்டு. கூரைமேல் உள்ள கண்ணாடி தெருவின் ஒளியைக் கீழே திருப்ப, லென்ஸ் அதை வெள்ளை மேசையில் குவிக்கிறது. மின்சாரமே இல்லாமல் மேசைமேல் கார் ஓடும், மரம் அசையும்.

டர்பனில் நம் சாட்ஸ்வொர்த் வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். நல்ல வெயில் நேரத்தில் ஜன்னலைக் கறுப்பு அட்டையால் அடைத்து, பென்சில் நுழையும் அளவுக்குத் துளை போடுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் எதிர்ச்சுவரில் தெரு தலைகீழாகத் தெரியும். வானம் கீழே, டாக்ஸி மேலே. ஒளி நேர்கோட்டில் செல்வதால் மேலிருந்து வரும் கதிர் துளையைத் தாண்டிச் சுவரின் கீழ்ப்பகுதியில் விழுகிறது.

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதே பார்வை என்று கிரேக்கர் பலரும் நியாயம் என்ற நம் தர்க்கத் தத்துவ மரபினரும் கருதினார்கள். இரவில் மின்னும் விலங்குக் கண்கள் நியாயத்தாருக்குச் சான்று. 11ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் அதை மறுத்து, ஒளிதான் கண்ணுக்குள் வருகிறது என்று வாதிட்டார். 1604இல் வானியலாளர் கெப்ளர், விழித்திரையில் தலைகீழ்ப் படம் விழுகிறது என்று விளக்கினார், கண்ணே இருட்டறையானது. மாட்டுக் கண்ணின் பின்புறத்தைச் சீவி, அங்கே மெல்லிய தாளை வைத்தால் அந்தப் படத்தைப் பார்க்கலாம் என்று 1637இல் பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட் எழுதினார்.

அடுத்து மனமும் இருட்டறையானது. புலன்கள் என்ற சிறு துளைகள் மட்டுமே உள்ள இருண்ட அறை போன்றது அறிவு என்றார் ஆங்கிலத் தத்துவஞானி லாக். அப்படியானால் நமக்குக் கிடைப்பது படம்தான். வெளியே உலகம் அதேபோல் இருக்கிறதா? தத்துவத்தை நெடுங்காலம் ஆட்டிவைத்த இந்தச் சந்தேகத்தில் பாதி அந்தக் கருவி தந்தது என்பேன். மகாண்டா மேசையைச் சுற்றி நின்று பார்க்க ஆட்கள் உண்டு. மண்டைக்குள் நின்று விழித்திரைப் படத்தைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

தந்தி வந்தபின் உவமை மாறியது. நரம்புகளைத் தந்திக் கம்பிகளுக்கு ஒப்பிட்ட ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ், புலன்கள் தருவது படமல்ல, அடையாளக்குறிகள்; அவற்றிலிருந்து நாம் அறியாமலே பொருளை ஊகிக்கிறோம் என்றார். கணினிக் காலத்தில் அந்த ஊகம் கணக்கீடாகியிருக்கிறது. இதையும் முழு உண்மையென நான் ஏற்கமாட்டேன். ஆனால் இருட்டறையால் விளக்க முடியாத ஒன்றை இது விளக்குகிறது. முகமூடியின் குழிந்த உட்புறத்தைச் சற்றுத் தள்ளி நின்று ஒற்றைக் கண்ணால் பாருங்கள். குழி மறைந்து, முகம் புடைத்து நிற்கும். முகம் என்றால் புடைத்துத்தான் இருக்கும் என்று மூளை பிறந்தது முதல் பழகிய பழக்கம், கண் தரும் குறிகளை வென்றுவிடுகிறது.