‘பிம்’ மென்பொருளைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பெர்சனல் இன்ஃபர்மேஷன் மேனேஜர் என்பதன் சுருக்கமே பிம். செய்ய வேண்டிய வேலைகள், குறிப்புகள், நாட்காட்டி, முகவரிகள், மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக் கையாளும் மென்பொருள் இது.

1984இல் வந்த போர்லாண்ட் சைட்கிக், டாஸ் இயங்குதளத்தின் திரையில் வேறு வேலை ஓடும்போதே குறிப்பேட்டையும் நாட்காட்டியையும் மேலெழுப்பிக் காட்டியது. 1988இல் வந்த லோட்டஸ் அஜெண்டா, தட்டச்சிய வரியில் நாளோ ஆள்பெயரோ இருந்தால் தானே கண்டுபிடித்து உரிய வகையில் சேர்த்தது. மின்னஞ்சலும் இவற்றோடு ஒரே கூரைக்குள் வந்ததை அலுவலகங்களில் பரவலாக்கியது மைக்ரோசாஃப்ட்டின் 1997 அவுட்லுக்.

‘தனிப்பட்ட தகவல் மேலாளர்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இரண்டு இடங்களில் இடறும். செயலிகளின் அனுமதிப் பக்கங்களில் ‘தனிப்பட்ட தகவல்’ என்றால் பிறர் கைக்குப் போகக்கூடாத விவரம். மேலாளர் என்றாலோ ஓர் ஆள். ‘மேலாளரை மூடிவிட்டு மறுபடி திறக்கவும்’ என்று உதவிக் குறிப்பில் எழுதிப் பாருங்கள், சிரிப்பு வரும். ‘தன்தகவல் மேலாண்மைச் செயலி’ பிழையற்றது, ஆனால் பட்டனில் அடங்காது. குறிப்பேடு, பதிவேடு வரிசையில் ‘தன்னேடு’ பொருந்தும். மின் + அஞ்சல் மின்னஞ்சல் ஆவதுபோல், தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்ததும் இரட்டித்து தன் + ஏடு தன்னேடு ஆகிறது. அஞ்சல் போக்குவரத்தை ‘ஏடு’ சுட்டாது என்பது குறைதான், பொறுத்துக்கொள்ளலாம்.

உள்ளே வரும் சொற்களில் ‘பணி’, ‘நிகழ்வு’ இரண்டையும் குழப்பக்கூடாது. நாட்காட்டித் தகவலை மென்பொருள்கள் பரிமாறிக்கொள்ள 1998இல் வெளியான ஐகேலண்டர் தரத்திலேயே வி-டூடூ, வி-ஈவென்ட் என இவை தனித்தனி. நிகழ்வுக்குத் தொடங்கும் நேரம் உண்டு. நாள் கடந்தால் பழைய பக்கத்துக்குப் போய்விடும். பணிக்குக் கெடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முடித்ததாகக் குறிக்கும்வரை பட்டியலில் நிற்கும். கட்டணம் கட்டுவதை நிகழ்வாகப் பதிந்துவிட்டு மறப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

அஞ்சலைப் பணியாக்கும் வசதியைத்தான் நன்றாகச் சோதிக்க வேண்டும். சில மென்பொருள்கள் அஞ்சலை நகலெடுக்கும். சில, அஞ்சலுக்கான இணைப்பு (லிங்க்) மட்டும் வைக்கும். அஞ்சலைச் சேவையகத்திலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறையில் ஒவ்வோர் அடைவும் (ஃபோல்டர்) அஞ்சலுக்குத் தன் கணக்கில் ஓர் எண் தரும். அடைவு மாறினால் எண்ணும் மாறும். பழைய எண்ணை நம்பிய இணைப்பு அறுந்துவிடும். அஞ்சலின் தலைப்பகுதியில் இருக்கும் மெசேஜ்-ஐடி என்ற அடையாளக் குறி அப்படி மாறாது. அதைப் பிடித்துத் தேடும் மென்பொருளுக்கு அடைவு மாற்றம் ஒரு பொருட்டல்ல. ஓர் அஞ்சலைப் பணியாக்கி, அஞ்சலை வேறு அடைவுக்கு நகர்த்தி, பணியிலிருந்து திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால் அனுப்பியவர் பெயர், தேதி, பொருள்வரி மூன்றையும் பணியின் குறிப்பிலேயே ஒட்டி வைப்பதுதான் வழி.