1666 செப்டம்பர் 4: வெயில் ஏன் சிவப்பா இருந்துச்சு?

1666 செப்டம்பர் 4ஆம் தேதி, ஆக்ஸ்ஃபோர்டுல இருந்த ஜான் லாக் தன்னோட வானிலை நோட்டுல, இன்னிக்கு வெயில் மங்கலா சிவப்பா இருக்குன்னு குறிச்சு வச்சாரு. மேகம் எதுவும் இல்ல, ஆனா வெயில் மட்டும் வழக்கமில்லாத ஒரு நிறம். ஏன்னு அவருக்கு அப்ப தெரியாது. தெரியாமலேதான் எழுதி வச்சாரு. அப்புறம்தான் சேதி வருது, லண்டன் பத்தி எரியுதுன்னு. 2ஆம் தேதி ஞாயித்துக்கிழமை விடியக்காலைல புட்டிங் லேன்ல ஒரு பேக்கரில பிடிச்ச தீ, கிழக்கு காத்து அடிக்க அடிக்க தெருத்தெருவா பரவிக்கிட்டே போகுது, அந்த புகை 80 கிலோமீட்டருக்கு மேல மேற்கால வந்து ஆக்ஸ்ஃபோர்டு வானத்தையும் மூடியிருக்கு. புகைல இருக்குற பொடித்துகள் சூரிய வெளிச்சத்துல நீலத்தை எல்லா பக்கமும் சிதறடிச்சிடும், சிவப்பு மட்டும்தான் நேரா நம்ம கண்ணுக்கு வந்து சேரும். லாக் பின்னாடி அந்த குறிப்போடயே, இதை பாத்தப்ப லண்டன் தீ பத்தி எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, பிறகுதான் காரணம் புரிஞ்சுதுன்னு சேர்த்து வச்சிருக்காரு.

ஜான் லாக்னா நமக்கு தத்துவம், அரசியல்னுதான் தெரியும். ஆனா 1666ல அவர் 34 வயசு ஆளு, மருத்துவம் படிச்சுக்கிட்டு இருந்தாரு, காத்தை ஆராய்ஞ்சுக்கிட்டு இருந்த விஞ்ஞானி ராபர்ட் பாயிலோட பழக்கம். அந்த வருஷம் வசந்த காலத்துல பாயிலுக்காக ஒரு பாரோமீட்டரை தூக்கிக்கிட்டு சோமர்செட் பக்கம் மெண்டிப் மலைல இருக்குற ஈயச் சுரங்கத்துக்கு போனாரு, ஆழத்துல காத்தழுத்தம் எப்படி இருக்குன்னு பாக்க. சுரங்கத்துக்காரங்க அந்த கண்ணாடிக் குழாயை பாத்து பயந்துட்டாங்க. இவன் ஏதோ சூழ்ச்சி பண்ண வந்திருக்கான்னு உள்ள இறங்கவே விடல. ஆனா அந்த பாரோமீட்டர் ஆசை அவரை விடல. ஜூன் 24ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டுல தினசரி பதிவை ஆரம்பிச்சுட்டாரு. சிவப்பு வெயில் வந்தப்ப அந்த நோட்டுக்கு வயசு ரெண்டரை மாசம் கூட ஆகல.

இப்படி எழுதறதுக்கு ஒரு முறை வேணும்னு தெளிவா யோசிச்சவர் ராபர்ட் ஹூக். ராயல் சொசைட்டிங்கிற லண்டன் அறிவியல் சங்கத்துல சோதனைகளுக்கு பொறுப்பா இருந்தவர். வானிலையோட வரலாறை எப்படி எழுதறதுன்னு அவர் போட்டுக்கொடுத்த திட்டம் 1667ல வந்த ராயல் சொசைட்டி வரலாறு புத்தகத்துல அச்சாச்சு. அதுல ஒரு மாதிரி பக்கமும் இருக்கு, கட்டம் கட்டமா கோடு போட்டு: தேதியும் சூரியனோட இடமும், நிலாவோட வயசு, காத்து எந்த திசை எவ்ளோ வேகம், சூடு, ஈரம், அழுத்தம், வானம் பாக்க எப்படி இருக்கு, அப்புறம் பனி இடி நோய்னு குறிப்பிடத்தக்க விஷயங்கள். ஒரு மாசம் முழுக்க ஒரே பார்வைல கண்ணுக்கு தெரியணும்ங்கிறதுதான் அவரோட குறிக்கோள். இது சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா அதுக்கு முன்னாடி பெரும்பாலும் வானிலை டைரின்னா, இன்னிக்கு பயங்கர மழை, ஆலங்கட்டி விழுந்துச்சுங்கிற மாதிரிதான், விசேஷமா ஏதாவது நடந்தாதான் எழுதுவாங்க. கட்டம் போட்டுட்டா ஒண்ணுமே நடக்காத நாளையும் நிரப்பியே ஆகணும். விட்டுப்போன கட்டம் உடனே கண்ணுல உறுத்தும். எனக்கு இந்த காலி கட்டம்தான் அந்த நூற்றாண்டோட பெரிய கண்டுபிடிப்புகள்ல ஒண்ணுன்னு தோணுது.

சரி, கட்டத்தை எதை வச்சு நிரப்பினாங்க?

பாரோமீட்டர்ல இருந்து ஆரம்பிப்போம். 1640கள்ல இத்தாலில டொரிசெல்லி காட்டினது: ஒரு பக்கம் மூடின நீள கண்ணாடிக்குழாய்ல பாதரசத்தை நிரப்பி, விரலால அடைச்சு, ஒரு பாதரசக் கிண்ணத்துல தலைகீழா நிறுத்தினா பாதரசம் முழுசா கொட்டிடாது, சுமார் 30 அங்குல உயரத்துல நின்னுடும். கிண்ணத்துல இருக்குற பாதரசத்தை வெளிக்காத்து அழுத்திக்கிட்டே இருக்கு, அந்த எடையும் குழாய்க்குள்ள நிக்குற பாதரசத்தோட எடையும் தராசு மாதிரி சமமா நிக்குது. தண்ணிலயும் இதை செய்யலாம், ஆனா பாதரசம் தண்ணியை விட 13.6 மடங்கு கனம்ங்கிறதால தண்ணிக்கு 10 மீட்டருக்கு மேல குழாய் வேணும். மலை ஏறினா மேல இருக்குற காத்து குறையும், பாதரசம் இறங்கும், இதை 1648ல பிரான்ஸ்ல பாஸ்கலோட மச்சான் பெரியே மலை ஏறி காட்டிட்டாரு. ஆனா குழாயை ஒரே இடத்துல, வீட்டுலயே வச்சாலும் நாளுக்கு நாள் அது ஏறி இறங்குது! அதுவும் வானிலையோட சேர்ந்து. இங்கதான் எல்லாருக்கும் ஆர்வம் பத்திக்கிச்சு.

ஒரு பெரிய குழப்பமும் வந்துச்சு. மழை வரப்போகுதுன்னா காத்துல ஈரம் அதிகம், அப்ப காத்து கனமாகணும், பாதரசம் ஏறணும். ஆனா நடக்குறது தலைகீழ். மழைக்கு முன்னாடி இறங்குது, நல்ல வெயில் நாள்ல ஏறுது. காரணம் இன்னிக்கு நமக்கு தெரியும்: நீராவி காய்ஞ்ச காத்தை விட லேசானது, அது ஒரு சின்ன பங்கு. பெரிய பங்கு என்னன்னா, அழுத்தம் குறைஞ்ச இடத்துக்கு சுத்தி இருக்குற காத்து வந்து சேர்ந்து மேல ஏறும், ஏறினா குளிரும், குளிர்ந்தா நீராவி துளியாகி மேகமாகும். அழுத்தம் கூடின இடத்துல காத்து கீழ இறங்கி சூடாகும், மேகம் கலையும். அவங்களுக்கு இந்த காரணம் தெரியாது. ஆனா பாதரசம் இறங்கினா மழைங்கிறது பதிவுல இருந்து தெரிஞ்சிருச்சு, நூற்றாண்டு முடியறதுக்குள்ள லண்டன் கடிகாரக்காரங்க பாரோமீட்டர் செஞ்சு பணக்கார வீடுகளுக்கு வித்துக்கிட்டு இருந்தாங்க.

இங்கிலாந்துல பாதரசம் ஏறி இறங்குறது மொத்தமா 3 அங்குலம்தான், ஒரு சாதாரண நாள்ல அதுல பத்துல ஒரு பங்கு. வெறும் கண்ணால பாக்க கஷ்டம். ஹூக் குழாயோட அடியை மேல் நோக்கி வளைச்சு, திறந்த பக்கத்துல பாதரசத்து மேல ஒரு மிதவையை வச்சு, அதுல நூல் கட்டி ஒரு சின்ன கப்பி மேல போட்டு, கப்பியோட ஒரு நீள முள்ளை சேர்த்துட்டாரு. பாதரசம் மயிரிழை அளவு நகர்ந்தாலும் முள்ளு டயல்ல நல்லா தெரியுற மாதிரி நகரும்.

எனக்கு ரொம்ப பிடிச்சது ஈரத்தை அளக்குற கருவிதான். காட்டு ஓட்ஸ் கதிர்ல ஒரு முரட்டு முடி நீட்டிக்கிட்டு இருக்கும், அது காய்ஞ்சா கயிறு மாதிரி முறுக்கிக்கும், நனைஞ்சா முறுக்கு பிரியும். நம்ம ஊசிப்புல்லு முடியும் இதே வேலையைத்தான் செய்யும், அப்படித்தான் அது விதையை மண்ணுக்குள்ள துளைச்சு இறக்கும். அந்த முடியில திசு ஒரே மாதிரி இல்ல, ஒரு பக்கம் ஈரத்துல அதிகமா நீளும் ஒரு பக்கம் கம்மியா நீளும், அதனால தானா சுத்துது. ஹூக் இந்த முடியை ஒரு சின்ன பெட்டிக்குள்ள நிறுத்தி, அடியை ஒட்டி, நுனில லேசான ஒரு முள்ளு வச்சு, சுத்தி வட்டமா அளவு போட்டுட்டாரு. மூச்சு விட்டா முள்ளு சுத்தும். லாக்கும் தன் பதிவுல காட்டு ஓட்ஸ் முடி கருவியைத்தான் ஈரத்துக்கு பயன்படுத்தினாரு.

காத்துக்கு, தொங்கவிட்ட ஒரு தகடு. காத்து தள்ளத்தள்ள எவ்ளோ தூரம் மேல போகுதுன்னு பக்கத்துல வளைவா போட்ட அளவுல பாத்துக்கலாம்.

தெர்மாமீட்டர்தான் தலைவலி. ஃப்ளோரன்ஸ்ல செஞ்ச மாதிரி, மூடின கண்ணாடிக்குழாய்க்குள்ள சாராய ஸ்பிரிட், ஹூக் அதுக்கு கோச்சினீல்ங்கிற பூச்சிச் சாயத்தால சிவப்பு நிறம் ஏத்தினாரு, தண்ணி உறையுற இடத்தை பூஜ்யம்னு வச்சாரு. நல்ல யோசனை. ஆனா எல்லாரும் அதை பின்பற்றல, ஒவ்வொரு குழாய்க்கும் ஒவ்வொரு அளவு. ஃபாரன்ஹீட் அளவு 1724ல, செல்சியஸ் அளவு 1742லதான் வருது. அதனால லாக்கோட நோட்டுல ஒரு எண் இருந்தா அது அவரோட குழாயோட எண், அவ்ளோதான். பத்தாததுக்கு தெர்மாமீட்டரை நிறைய பேர் வீட்டுக்குள்ள, அடுப்பு எரியாத அறைல மாட்டி வச்சாங்க. வெளில திடீர்னு குளிர்ந்தா சுவர் தாண்டி உள்ள வர நேரமாகும்ல.

வானத்தோட தோற்றத்துக்கு கருவி கிடையாது, அதனால ஹூக் வார்த்தைகளை தேடி எடுத்து ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் எழுதினாரு. தெளிவான வானத்துல பெரிய வெள்ளை உருண்டை மேகங்கள் இருந்தா அது கட்டம்போட்ட வானம். உயரத்துல மெல்லிசா தலைமுடி கத்தை மாதிரியோ சணல் நார் மாதிரியோ படர்ந்திருந்தா முடி வானம். அலையலையா மின்னுற பட்டு மாதிரி சின்ன சின்ன மேகங்கள் இருந்தா அதுக்கு ஒரு பேரு, சில ஊர்ல அதை மீன் பேரைச் சொல்லி கானாங்கெளுத்தி வானம்னு சொல்லுவாங்கன்னும் குறிச்சிருக்காரு. இருட்டு மேகம் கீழ தொங்கிக்கிட்டு மழை வரும்னு மிரட்டினா அதுக்கு தனி வார்த்தை. மேகங்களுக்கு இன்னிக்கு நாம சொல்ற லத்தீன் பேரை லூக் ஹாவர்ட் வச்சது 1802ல, அதுக்கு 130 வருஷத்துக்கு மேல முன்னாடி இந்த வேலை நடந்திருக்கு. ரெண்டு ஊர்ல ரெண்டு பேர் ஒரே வானத்தை பாத்து ஒரே வார்த்தை எழுதணும், அதுக்காகத்தான் இவ்ளோ பாடு.

1672 மார்ச்ல ஹூக் ஆரம்பிச்ச சொந்த டைரியும் முதல்ல வானிலை நோட்டுதான். பாதரச அளவு, காத்து, மழைன்னு ஆரம்பிச்சு, போகப்போக அதே வரியில என்ன சாப்பிட்டாரு, உடம்பு எப்படி, எந்த காஃபி ஹவுஸ்ல யாரை பாத்தாருன்னு எல்லாம் கலந்துடுச்சு.

மழையை தொடர்ந்து அளந்த முதல் ஆள் இங்கிலாந்துல ரிச்சர்ட் டவுன்லி, வடக்க லங்காஷைர்ல பர்ன்லி ஊர் பக்கம். 1677 ஜனவரில ஆரம்பிச்சாரு. வீட்டு மேல 12 அங்குல குறுக்களவுள்ள வட்டப் புனல், பக்கத்துல எந்த கட்டடமும் மழையை மறைக்காத இடமா பாத்து. புனலுக்கு கீழ ஈயக்குழாய், சாரல் பக்கவாட்டுல நுழையாம இருக்க புனலோடயே ஒரு மூடி மாதிரி பத்தவச்சிருந்தாரு. குழாய் சுமார் 8 மீட்டர் நேரா கீழ இறங்கி, வளைஞ்சு, அவர் அறை பக்கத்துல இருக்குற ஜன்னலுக்குள்ள வந்துடும், அங்க பாத்திரம். கொட்டுற மழைல வெளில போகவே வேண்டாம். தண்ணியை எடை போட்டு எழுதினாரு. கணக்கு போட்டு பாருங்க, அந்த வட்டத்துல 1 அங்குலம் மழை விழுந்தா கிட்டத்தட்ட 1.85 லிட்டர் தண்ணி வரும், எடை 4 பவுண்டு, சாதாரண தராசே போதும். 15 வருஷத்துக்கு மேல இப்படி அளந்து 1694ல ராயல் சொசைட்டி இதழ்ல போட்டாரு. பாரிஸ்ல விழுற மழையை விட தன் ஊர்ல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விழுதுன்னு அவரால எண்ணை வச்சே சொல்ல முடிஞ்சுது.

பழைய நோட்டை படிக்கும்போது தேதில ஜாக்கிரதையா இருக்கணும். இங்கிலாந்து 1752 வரைக்கும் ஜூலியன் காலண்டரைத்தான் வச்சிருந்துச்சு, 17ஆம் நூற்றாண்டுல அது ஐரோப்பாவோட புது காலண்டரை விட 10 நாள் பின்தங்கி இருந்துச்சு, லண்டன் தீ பிடிச்ச செப்டம்பர் 2 பாரிஸ்ல செப்டம்பர் 12. வருஷமும் சட்டப்படி மார்ச் 25லதான் பிறக்கும், அதனால ஜனவரில எழுதின பக்கத்துல பழைய வருஷமே இருக்கும். இது தெரியாம ரெண்டு ஊர் பதிவை ஒப்பிட்டா புயல் பத்து நாள் தள்ளி வீசின மாதிரி ஆயிடும்.

இவ்ளோ பாடுபட்டு அவங்க எதை தேடினாங்கன்னா, காத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு, விளைச்சல், நிலா வானிலையை மாத்துதாங்கிற கேள்வி. 1665ல லண்டன்ல கொள்ளை நோய் வந்து போயிருந்த சமயம், காத்து கெட்டதாலதான் நோய்னு மருத்துவர்களே நம்பினாங்க, லாக்கும் மருத்துவர்தான். தேடினது பெருசா கிடைக்கல. ஆனாலும் பாயில் எழுதி வச்ச காத்து பத்தின புத்தகத்தை அவர் செத்த பிறகு 1692ல லாக் வெளியிட்டப்ப, தன் ஆக்ஸ்ஃபோர்டு பதிவையும் அதுல சேர்த்தாரு. கடைசி காலத்துல எசெக்ஸ்ல ஓட்ஸ்ங்கிற வீட்டுல தங்கியிருந்தப்பவும் எழுதினாரு, இந்த மாதிரி ஒரு பதிவு இங்கிலாந்துல ஒவ்வொரு மாவட்டத்துலயும் இருந்து வெளிவந்தா கூர்மையான ஒருத்தர் அதுல இருந்து நிறைய கண்டுபிடிப்பாருன்னு கடிதம் போட்டாரு.

அந்த கூர்மையான ஆள் வர 250 வருஷம் ஆச்சு. கார்டன் மேன்லி, இங்கிலாந்து வானிலை ஆய்வாளர், இந்த மாதிரி பழைய நோட்டுகளை வருஷக்கணக்கா தேடி ஒட்டுப்போட்டு, மத்திய இங்கிலாந்தோட மாச சராசரி வெப்பநிலையை 1659ல இருந்து வரிசையா கொண்டுவந்தாரு. உலகத்துலயே கருவி வச்சு அளந்த வெப்பநிலை வரிசைகள்ல இவ்ளோ நீளமா இருக்குறது இதுதான். ஆரம்ப வருஷங்களை முழு டிகிரிக்கும், அப்புறம் அரை டிகிரிக்கும் மட்டும்தான் குடுத்திருக்காரு, அதுக்கு மேல சொல்ல அந்த குழாய்கள் இடம் தராதுன்னு. 1707ல இருந்து 1722 வரைக்கும் நம்பிக்கையான பதிவு கிடைக்காததால நெதர்லாந்து உட்ரெக்ட் எண்களை வச்சு அடைச்சாரு.

அந்த வரிசைல ரொம்ப குளிரான குளிர்காலம் 1683-84, மூணு மாச சராசரி பூஜ்யத்துக்கு கீழ 1.2 டிகிரி செல்சியஸ். தேம்ஸ் ஆறு உறைஞ்சு அது மேல கடைவீதியே போட்டாங்க. லாக்கோட நோட்டுல அந்த குளிர் இல்ல, அரசியல் ஆபத்தால 1683லயே அவர் ஹாலந்துக்கு தப்பிச்சு போயிட்டாரு. ஆனா அதே ஆக்ஸ்ஃபோர்டுல, புதுசா திறந்த ஆஷ்மோலியன் மியூசியத்துல ராபர்ட் ப்ளாட் 1684 முழுக்க தினமும் பாதரச உயரத்தையும் காத்தையும் குறிச்சாரு, அதை வெறும் எண்ணா விடாம, நாளையும் அங்குலத்தையும் வச்சு ஒரே தாள்ல ஏறி இறங்குற கோடா வரைஞ்சு மறு வருஷம் அச்சுல கொண்டுவந்தாரு. ஜனவரி ஒண்ணுல இருந்து அந்த கோடு ஒரு நாளும் விடாம போகுது.