ரீலைப் புரட்டிப் பாருங்கள்

எலக்ட்ரானிக் போர்டு தயாரிக்கும் இடத்தில் பாகங்கள் வாங்குவது என் வேலை. சிப் அரசியல் என்று பேச்செடுத்தால் எல்லோரும் நேராகத் தைவானுக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் உற்பத்தி லைனை நிறுத்தியதெல்லாம் பெரும்பாலும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்ச் சரக்குதான்.

2025 அக்டோபரில் நடந்தது நினைவிருக்கிறதா? நெக்ஸ்பீரியா, நெதர்லாந்துக் கம்பெனி. பூர்வீகம் பிலிப்ஸ். பிலிப்ஸின் சிப் பிரிவு 2006இல் என்எக்ஸ்பி ஆனது. அது 2017இல் டயோடு, ட்ரான்சிஸ்டர் வகையறாவைச் சீன முதலீட்டாளர்களுக்கு விற்றது. அந்தப் பிரிவுதான் நெக்ஸ்பீரியா. 2019இல் அது சீனாவின் விங்டெக் கம்பெனி கைக்குப் போனது. புதுமை என்று சொல்ல எதுவுமில்லாத சரக்கு, ஆனால் ஒரு காரில் நூற்றுக்கணக்கில் இருக்கும். செப்டம்பர் 30ஆம் தேதி நெதர்லாந்து அரசு 1952ஆம் ஆண்டுச் சட்டமொன்றைத் தூசி தட்டி எடுத்து, அந்தக் கம்பெனியின் முடிவுகளுக்குக் கடிவாளம் போட்டது. நாலே நாளில், சீனாவிலிருந்து போகும் நெக்ஸ்பீரியா சரக்கின் ஏற்றுமதியைச் சீனா தடுத்தது.

ஐரோப்பியக் கம்பெனியைச் சீனா எப்படி முடக்க முடியும்? வேஃபர், அதாவது சிப்புகள் பதிந்த சிலிக்கான் தகடு, ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் தயாரானது. அதைத் துண்டாக்கி, உலோகக் கால் பொருத்தி, கறுப்புப் பிளாஸ்டிக்கில் அடைத்து, டெஸ்ட் செய்தது பெரும்பாலும் சீனாவின் டோங்குவானில். அங்கே கதவடைத்ததும் மெக்சிகோவின் செலாயாவில் ஹோண்டா கார் உற்பத்தி நின்றது.

அந்த வாரம் எங்கள் பாகப் பட்டியலைத் திறந்தேன். ஒரு மூன்று கால் ட்ரான்சிஸ்டருக்கு நேராக ‘ஐரோப்பா’ என்று நானே எழுதி வைத்திருந்தேன். ஸ்டோருக்குப் போய், பாகங்கள் நாடாவில் சுற்றி வரும் ரீலைப் புரட்டினால், லேபிளில் பொடி எழுத்து: சிலிக்கான் ஜெர்மனி, அசெம்பிளி சீனா. பெயர்ப்பலகையைப் பார்த்து ஊரை முடிவு செய்திருக்கிறேன்!

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பட்டியலில் சிலிக்கான், அசெம்பிளி இரண்டின் நாடுகளையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். மாற்றுச் சரக்கு தேடும்போதும் அதன் அசெம்பிளி எங்கே என்று கேளுங்கள். வேறு பிராண்டு, அதே ஊர் என்றால் என்ன பயன்? கால் அமைப்பு ஒன்றாக இருக்கிறதே என்று மாஸ்ஃபெட்டை (ஸ்விட்ச் போல வேலை செய்யும் ட்ரான்சிஸ்டர்) கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். அதை ஆன் செய்யும் கேட் வோல்டேஜ் ஒத்துவராவிட்டால் டெஸ்ட் மேசையில் ஓடும், வெயிலில் சூடேறிச் சாகும்.

நவம்பர் 19ஆம் தேதி நெதர்லாந்து தன் உத்தரவை நிறுத்திவைத்தது. என் பட்டியலில் ‘அசெம்பிளி’ கட்டம் இன்னும் பாதிக்குமேல் காலியாகத்தான் கிடக்கிறது.