வட்டக்குடில் தடம்: சொல் விளக்கம்

ஆங்கிலத் தொல்லியலில் ‘ஹட் சர்க்கிள்’ என வழங்கும் கலைச்சொல், மேட்டுநிலப் புல்வெளிகளில் பாதி புதைந்தும் பாதி தெரிந்தும் கிடக்கும் கல் வளையத்தைக் குறிக்கும். அது வரலாற்றுக்கு முற்பட்ட மக்கள் வாழ்ந்த வட்ட வீட்டின் சுவரடி ஆகும். அச்சுவரின்மேல் மரக்கால்கள் தாங்கிய கூம்புக்கூரை ஒன்று இருந்தது. மரமும் வேய்ந்த புல்லும் மட்கிப்போகக் கல் மட்டும் எஞ்சியது. எனவே இது வீட்டின் பெயரன்று, வீடு விட்டுச்சென்ற தடத்தின் பெயர். முழு வீட்டைச் சுட்ட ‘ரவுண்ட்ஹவுஸ்’ என வேறு சொல் உண்டு.

‘ஹட்’ என்பது செருமானிய மூலமுடையது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. ‘சர்க்கிள்’ என்பதோ சிறுவளையம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது.

இத்தடங்களுக்குப் பெயர்பெற்ற நிலம், தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்திலுள்ள டார்ட்மூர் என்னும் கருங்கல் மேட்டுநிலமாகும். அங்குள்ள கிரிம்ஸ்பவுண்ட் என்னுமிடத்தில், பெரிய கல்மதில் ஒன்றுக்குள் இத்தகைய 24 வட்டங்கள் உள்ளன. வெண்கலக் காலத்தைச் சேர்ந்த அக்குடியிருப்பு 1894-இல் அகழப்பட்டது. அங்கே ஒரு குடிலின் வாசல், காற்றை மறிக்கும்படி வளைத்துக் கட்டிய முகப்போடு இன்றும் காணப்படுகிறது. அந்நிலத்தின் அமில மண் எலும்புகளை அரித்துவிடுவதால், அங்கு வாழ்ந்தோரைப் பற்றி அறியக் கற்களையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது.

தமிழாக்கத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. ‘குடிசை வட்டம்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், வட்டமாக அமைந்த பல குடிசைகள் என்றே படிப்பவர் கொள்வர்; தாலுகாவையும் நாம் வட்டம் என்பதால் குழப்பம் இரட்டிக்கும். ‘கல்வட்டம்’ அதைவிடப் பிழையானது. தமிழ்த் தொல்லியலில் அது பெருங்கற்கால ஈமச்சின்னத்தின் பெயராக நிலைத்துவிட்டது. வாழ்ந்தவர் வீட்டுக்கு இறந்தோர் நினைவிடத்தின் பெயரை இடுவது தகாது.

ஆகவே ‘வட்டக்குடில் தடம்’ என்பதே பொருத்தமெனக் கருதுகிறேன்: வட்டம் வடிவத்தையும், தடம் எஞ்சிய நிலையையும் சுட்டுகின்றன. மலைவாழ் குறவரின் குடிசைக்குச் சங்கப் பாடல்கள் ஆளும் ‘குரம்பை’ அழகான சொல்லே எனினும், இன்று உரை தேடிப் படிக்க வேண்டியதாகிவிட்டது. ‘வீடு’ என்பதைத் தவிர்த்ததற்கும் காரணம் உண்டு. அடுப்பின் சுவடே இல்லாத சில வட்டங்கள் தொழுவமாகவோ சேமிப்பிடமாகவோ இருந்திருக்கக்கூடும். குடில் என்னும் சொல் அவற்றுக்கும் இடந்தரும்.