பால்வாடியில் உங்கள் பிள்ளைக்குச் சேரவேண்டிய விளையாட்டு

சாப்பாட்டு நேரத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து, முட்டையைச் சாப்பிட்டதும் கையோடு கூட்டிப்போகும் பெற்றோரை வியாசர்பாடி, காசிமேடு பக்கத்துப் பால்வாடிகளில் பார்க்கலாம். கேட்டால், "அங்க என்னாங்க, சும்மா வெளையாட வுட்னு இருக்காங்க" என்பார்கள். அந்த விளையாட்டுக்காகவே பிள்ளையை அங்கே விடவேண்டும். சத்துமாவும் முட்டையும் எப்படி உங்கள் பிள்ளைக்கு உரியதோ, அதுவும் அப்படித்தான்.

நாம் பால்வாடி என்று சொல்லும் அங்கன்வாடி மையம், 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின்கீழ் நடக்கிறது. துணை உணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை ஆகியவற்றோடு முன்பருவக் கல்வியும் அதன் சேவைகளில் ஒன்று. தமிழ்நாட்டில் இரண்டு வயது முடிந்த பிள்ளையைச் சேர்க்கலாம், கட்டணம் கிடையாது. மாதம் ஒரு தலைப்பு வைத்து ஆட்டம், பாட்டு, கதை, வரைதல் என்று நடத்த "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்ற பாடத்திட்டமே இருக்கிறது. விளையாட்டுப் பொருள் பெட்டியும் மையங்களுக்கு வருகிறது. அந்தப் பெட்டி பிள்ளைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறதா, அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறதா என்று ஒரு நாள் உள்ளே போய்ப் பாருங்கள். பூட்டியிருந்தால் டீச்சரிடம் தன்மையாகக் கேளுங்கள். பதிவேடு, கைப்பேசிப் பதிவு, எடை பார்ப்பது எல்லாம் அவர் ஒருவர் தலையில்தான் விழுகிறது. அதையும் மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

விளையாட்டுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்? மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் முடிந்துவிடுகிறது என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. அந்த வயதில் பிள்ளை பார்ப்பது, தொடுவது, கேட்பது, பதிலுக்கு ஒருவர் முகம் காட்டிப் பேசுவது எல்லாமே மூளை நரம்புகளின் இணைப்பைப் பலப்படுத்துகின்றன. கரையோரம் பொறுக்கிய சிப்பிகளை ஒரு மூன்று வயதுப் பெண் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று வையுங்கள். பெரியதை ஒரு பக்கம் தள்ளுகிறாள், சின்னதை இன்னொரு பக்கம். நடுத்தரமாக ஒன்று கையில் வந்ததும் நின்றுவிடுகிறாள். இங்கே வைக்கிறாள், எடுக்கிறாள், அங்கே வைக்கிறாள். கடைசியில் மூன்றாவதாக ஒரு கூறு போடுகிறாள். பிரிக்கவும் ஒப்பிடவும் அவளாகக் கற்றுக்கொண்டாள். பின்னால் வரும் கணக்குப் பாடத்துக்கு அடித்தளம் இது. அந்த நேரத்தில் "கீழ போடு, கையெல்லாம் மண்ணு" என்று பிடுங்காமல், "இது ஏம்மா தனியா வெச்ச?" என்று கேட்டால் பேச்சும் வளரும். சிலேட்டைக் கொடுத்து 'அ' எழுதச் சொல்லி அதட்டும் அவசரம் அந்த வயதுக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் 1980-களில் ஒரு ஆய்வு நடந்தது. ஏழைக் குடும்பங்களில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் போய், வீட்டில் கிடைக்கும் பொருளால் செய்த பொம்மைகளை வைத்து எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டிக்கொடுத்தார். இரண்டு ஆண்டு நடந்தது அவ்வளவுதான். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம், அப்படி யாரும் வந்து காட்டிக்கொடுக்காத அதேபோன்ற பிள்ளைகளைவிடச் சுமார் 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதே ஆய்வில் கூடுதல் ஊட்ட உணவு மட்டும் பெற்ற இன்னொரு பிரிவினரிடம் அப்படி நீடித்த பலன் தெரியவில்லை. சோறு வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. சோற்றோடு விளையாட்டும் சேரவேண்டும்.

ஹவுசிங் போர்டில் ஒற்றை அறை வீடு, கீழே இறங்கினால் வண்டி, மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரி. பிள்ளை ஓட இடம் எங்கே? வட சென்னையில் பல வீடுகளுக்கு, பயமில்லாமல் பிள்ளையை விட்டு விளையாடவிட பால்வாடிதான் பக்கத்தில் இருக்கிற ஒரே இடம்.

ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி வழியாக இலவச உணவு, 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமை. மூன்று வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு வீட்டுக்கே கொடுக்கும் சத்துமாவை வாங்கப்போகும்போது, இந்த மாதம் பிள்ளையோடு என்ன விளையாடலாம் என்றும் கேளுங்கள். பிறந்தது முதல் மூன்று வயது வரை வீட்டில் செய்யவேண்டிய விளையாட்டுகளுக்கு மத்திய அரசு 2024-ல் 'நவசேதனா' என்ற வழிகாட்டியை வெளியிட்டிருக்கிறது. பள்ளிச் சிறார் நலத்திட்ட மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை மையத்துக்கு வரவேண்டும். பேச்சு தாமதம், காது கேளாமை போன்றவற்றை அப்போதே கண்டுபிடித்துவிடலாம். அந்த நாளில் மட்டுமாவது பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள்.

பிள்ளைக்கு ஆதார் இல்லை என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது, தாயின் ஆதாரே போதும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வேலைக்கு வந்து மணலி, மாதவரம் பக்கம் தங்கியிருக்கும் குடும்பங்களும் சேர்க்கலாம். உங்கள் பக்கத்து வீட்டில் இருந்தால் சொல்லுங்கள்.

மையமே இல்லையா? ஆறு வயதுக்குட்பட்டவர்கள் 40 பேராவது உள்ள குடிசைப் பகுதியில் மையம் கேட்டால், மூன்று மாதத்துக்குள் திறக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13-ல் உத்தரவிட்டது. தெருவில் உள்ள பிள்ளைகளின் பெயர், வயது, வீட்டு எண்ணை ஒரு தாளில் எழுதி, பெற்றோர் கையெழுத்து வாங்கி, குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்க மறக்காதீர்கள். மூன்று மாதம் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும். அசைவு இல்லையென்றால் முதல்வரின் உதவி மைய எண் 1100-ல் அந்தத் தேதியைச் சொல்லிப் புகார் பதியுங்கள்.