கப்பல் ஏறும் படிக்கட்டு

சீனாவின் யாங்சி ஆற்றில் இருக்கிறது மூன்று பள்ளத்தாக்கு அணை. அதன் நீர்த்தேக்கத்துக்கும் கீழே ஓடும் ஆற்றுக்கும் நீர்மட்ட வித்தியாசம் அதிகபட்சம் 113 மீட்டர், ஏறக்குறைய 35 மாடி உயரம். ஆயிரக்கணக்கான டன் சரக்கோடு வரும் கப்பல் அதை ஏறியாக வேண்டும். ஏற்றிவிடுவது தண்ணீர்தான். பம்பு எதுவும் கிடையாது.

இதற்கு நீர்ப்பூட்டு என்று பெயர். லாக் என்றும் சொல்வார்கள். இரு முனையிலும் கதவு வைத்த ஒரு பெரிய தொட்டி, அவ்வளவுதான். கப்பல் உள்ளே வந்ததும் பின்கதவை மூடுவார்கள். அப்புறம் தரைக்கடியில் உள்ள குழாய்களைத் திறந்தால் மேலிருந்து தண்ணீர் தானாகவே இறங்கித் தொட்டியை நிரப்பும், கப்பலும் கூடவே உயரும். மட்டம் சமமானதும் முன்கதவு திறக்கும். இரட்டைக் கதவுகள் மூடும்போது நேர்கோட்டில் நிற்பதில்லை. மேல்மட்டத் தண்ணீர் இருக்கும் பக்கம் முனை பார்த்த V எழுத்து போலச் சேர்கின்றன. தள்ளுகிற தண்ணீரே அவற்றை இறுக்கிவிடுகிறது. கதவு வைத்த இந்தத் தொட்டி சீனாவுக்குப் புதிதல்ல. 984-லேயே சியாவ் வெய்யுவே என்ற அதிகாரி பெருங்கால்வாயில் இதைக் கட்டிவிட்டார்.

113 மீட்டரை ஒரே தொட்டியில் ஏறினால் என்ன? அத்தனை உயரத் தண்ணீரையும் ஒரே கதவு தாங்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஐந்து மடங்குத் தண்ணீர் போகும். அதனால்தான் அடுத்தடுத்து ஐந்து தொட்டிகள், ஐந்து படிகள். ஒரு தொட்டி 280 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம். மேல்தொட்டியின் தண்ணீரே கீழ்த்தொட்டியை நிரப்புவதால், ஒரு தடவை ஏற ஒரு படியின் தண்ணீர் போதும்: சுமார் 2.2 லட்சம் கன மீட்டர்.

அந்தத் தண்ணீர் அணையில் மின்சாரம் எடுக்கும் டர்பைனுக்குப் போகாமல் வீணாகிறதே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். டர்பைன் வழியே விழுந்திருந்தால் சுமார் 60,000 யூனிட் மின்சாரம் கிடைத்திருக்கும். ஆனால் 22,500 மெகாவாட் திறனுள்ள அணையின் மின்நிலையம் முழு வேகத்தில் ஓடினால் அதைப் பத்தே விநாடியில் எடுத்துவிடும்!

சரி, தண்ணீர் பெரிய செலவல்ல, நேரம்தான் செலவு. ஐந்து படியையும் கடக்க நான்கு மணி நேரம் போல ஆகும், வரிசையில் காத்திருப்பது தனி. ஆகவே 2016-ல் கப்பல் லிஃப்ட் ஒன்று வந்தது. 3,000 டன் வகைக் கப்பல் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியோடு அப்படியே தூக்கி, 40 நிமிடம் போல எடுத்து மேலே சேர்க்கிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், கப்பல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொட்டியின் எடை ஒன்றுதான் என்பது. கப்பல் நுழையும்போது தன் எடைக்குச் சமமான தண்ணீரை வெளியே தள்ளிவிடுகிறது. ஆர்க்கிமிடிஸ் சொன்னது இதைத்தான். எதிர்எடைகள் தொட்டியைச் சமன் செய்வதால், மோட்டாருக்கு உராய்வைச் சமாளிப்பதுதான் முக்கிய வேலை. ஆனால் தண்ணீரின் ஆழம் பிசகக்கூடாது. கப்பல் நிற்கும் பகுதி 120 மீட்டருக்கு 18 மீட்டர். அங்கே பத்து சென்டிமீட்டர் கூடுதலாக நின்றாலே 216 டன் ஏறிவிடும்.