பாஸ்புக்கின் மூன்றாவது பத்தி: பி.எஃப். பென்ஷனுக்குப் பணம் கட்டுவது யார்?

பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் மூன்று பத்திகள் இருக்கும். ஊழியர் பங்கு, நிறுவனத்தின் பங்கு, பென்ஷன் பங்கு. முதல் இரண்டையும் எல்லோரும் பார்ப்பார்கள். கூட்டிப் பார்த்து, பிள்ளை கல்யாணத்துக்கு எடுக்கலாமா, வீட்டுக்கு எடுக்கலாமா என்று மனசுக்குள் கணக்குப் போடுவார்கள். மூன்றாவது பத்தியில் 1,250, 1,250 என்று மாதாமாதம் ஏறிக்கொண்டிருக்கும். அதற்கு வட்டி எதுவும் காட்டாது. அதனாலேயே பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. வேலை மாறும்போது, ‘இதையும் சேர்த்து எடுத்துடலாம்’ என்று எடுத்தும் விடுகிறார்கள்.

தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்குச் சாகும்வரை மாதாமாதம் வரக்கூடிய பென்ஷன் என்று சட்டம் வைத்திருப்பது அந்த மூன்றாவது பத்தியைத்தான். பெயர், தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995. இ.பி.எஸ். 95 என்று சொல்வார்கள். 1995 நவம்பர் 16-ல் நடைமுறைக்கு வந்தது. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் என்றால் பி.எஃப். கட்டியாக வேண்டும், இதுவும் கூடவே வரும்.

ஓய்வுக்காலத்துக்கு அரசு பணம் போட வேண்டுமா, அவரவர் சேர்த்துக்கொள்ள வேண்டுமா என்று டீக்கடையிலும் டிவியிலும் சண்டை நடக்கும்போது இந்தத் திட்டத்தை யாரும் இழுப்பதில்லை. இதில் இரண்டும் கலந்திருக்கிறது. எந்த அளவில் கலந்திருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

சம்பளத்தில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், உங்களிடம் பிடிப்பார்கள். அது முழுக்க உங்கள் பி.எஃப். கணக்குக்குப் போகும், பென்ஷனுக்கு ஒரு பைசாவும் போகாது. நிறுவனமும் 12 சதவீதம் போடும். அந்த 1,800 இரண்டாகப் பிரியும்: 8.33 சதவீதம், சுமார் 1,250 ரூபாய், பென்ஷன் நிதிக்கு. மிச்சம் 550 ரூபாய் உங்கள் பி.எஃப்.புக்கு. மத்திய அரசு தன் பங்காகச் சம்பளத்தில் 1.16 சதவீதத்தைப் பென்ஷன் நிதிக்குத் தரும். 15,000-க்கு அது 174 ரூபாய். பாஸ்புக்கில் இந்த 174 தெரியாது, பொது நிதியில் சேர்ந்துவிடும்.

1.16 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? 1971-ல் தொடங்கிய பழைய குடும்ப ஓய்வூதியத் திட்டத்தில் தொழிலாளி, முதலாளி, அரசு மூன்று பேருக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று வைத்திருந்த விகிதம் அது. 1995-ல் திட்டமே மாறி, முதலாளி பங்கு 8.33-க்குப் போய்விட்டது. அரசின் பங்கு மட்டும் அங்கேயே நிற்கிறது.

ஆக, காகிதத்தில் பார்த்தால் தொழிலாளி எதுவும் கட்டவில்லை. முதலாளியும் அரசும்தான் கட்டுகிறார்கள். ஆனால் வேலைக்குச் சேரும்போது கொடுக்கும் சி.டி.சி. தாளை, அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவைக் காட்டும் தாளை, எடுத்துப் பாருங்கள். ‘நிறுவனத்தின் பி.எஃப். பங்கு’ என்று ஒரு வரி இருக்கும், அதையும் உங்கள் ஆண்டுச் சம்பளத்தில் கூட்டித்தான் பெரிய எண்ணாகக் காட்டியிருப்பார்கள். உங்கள் கைக்கு வர வேண்டியதில் ஒரு பகுதி வேறு வாசல் வழியாகப் போகிறது, அவ்வளவுதான். அதனால் இந்தப் பென்ஷனை முதலாளி போடும் பிச்சையாகவோ அரசின் இலவசமாகவோ யாராவது பேசினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பென்ஷன் கணக்குக்குச் சம்பள உச்சவரம்பு 15,000 என்பதால், அரசு ஒரு தொழிலாளிக்கு அதிகபட்சம் போடுவது வருஷத்துக்கு 2,088 ரூபாய். 2025 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் மத்திய அரசு தன் சொந்த ஊழியர்களுக்காகப் போடுவது சம்பளத்தில் 18.5 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கைக்கு எவ்வளவு வரும்? கணக்கு எளிது. பென்ஷனுக்கான சம்பளத்தை சர்வீஸ் வருஷங்களால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். பென்ஷனுக்கான சம்பளம் என்பது கடைசி 60 மாதச் சராசரி. 2014-க்கு முன்னால் கடைசி 12 மாதச் சராசரியாக இருந்தது. சர்வீஸ் 20 வருஷம் ஆகியிருந்தால் 2 வருஷம் போனஸாகச் சேர்ப்பார்கள்.

சராசரி 12,000, சர்வீஸ் 20 வருஷம் என்றால், 12,000-ஐ 22-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 3,771 ரூபாய். முழுதாக 15,000-க்கே கட்டி 33 வருஷம் வேலை பார்த்தவருக்கு, போனஸோடு 35 வருஷம், 7,500 ரூபாய்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 15,000 என்ற உச்சவரம்பு 2014 செப்டம்பரில் வந்தது. அதற்கு முன் 6,500. பழைய சர்வீஸ் உள்ளவர்களுக்கு அந்தந்தக் காலத்து வரம்பை வைத்துத் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் கூட்டுவார்கள். அதனால் 2004-ல் சேர்ந்த ஒருவர், ‘நெட்ல போட்டுப் பார்த்தப்ப நாலாயிரம்னு வந்துச்சு, ஆபீஸ்ல மூவாயிரம்கூட வரலையே’ என்று வந்து நின்றால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதல்முறையாக பி.எஃப்.பில் சேர்ந்தவர், சேரும்போதே அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 15,000-ஐத் தாண்டியிருந்தால், அவர் இந்தப் பென்ஷனுக்குள்ளேயே வரமாட்டார். நிறுவனத்தின் 12 சதவீதமும் பி.எஃப்.புக்கே போய்விடும். ஐ.டி. கம்பெனியில் சேர்ந்த பிள்ளைகளில் நிறைய பேர் இந்த ரகம். அவர்கள் பாஸ்புக்கில் மூன்றாவது பத்தி பூஜ்யமாக இருந்தால் பதற வேண்டாம், அது தவறு இல்லை. மாறாக, அப்படிப்பட்டவருக்கு அந்தப் பத்தியில் பணம் ஏறியிருந்தால்தான் பின்னால் தலைவலி.

பென்ஷன் கிடைக்க அடிப்படை நிபந்தனை, மொத்தம் 10 வருஷ சர்வீஸ். ஒரே கம்பெனியில் பத்து வருஷம் இருக்க வேண்டும் என்பதில்லை. பத்து கம்பெனி மாறியிருந்தாலும், ஒவ்வொன்றின் சர்வீஸையும் யு.ஏ.என். எண்ணில், அதாவது வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்ணில், கோத்து வைத்திருந்தால் போதும். வயது 58 ஆனதும் பென்ஷன்.

இங்கேதான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். என் சித்தப்பாவும் விட்டார். கோயம்புத்தூர்ப் பக்கம் மூன்று மில்களில் வேலை பார்த்தவர். முதல் மில்லில் ஆறு வருஷம். விட்டு வரும்போது பி.எஃப்., பென்ஷன் இரண்டையும் எடுத்தார், தங்கச்சி கல்யாணம். இரண்டாவது மில்லில் ஐந்து வருஷம். மறுபடியும் இரண்டையும் எடுத்தார், வீட்டுக்கு ஓடு மாற்ற. மூன்றாவதில் ஒன்பது வருஷமும் இரண்டு மாதமும். கூட்டினால் இருபது வருஷம் தாண்டுகிறது. ஆனால் எடுத்த சர்வீஸ் அழிந்த சர்வீஸ். கையில் மிஞ்சியது ஒன்பது வருஷமும் சொச்சமும். பத்து இல்லை, பென்ஷன் இல்லை. மொத்தமாக ஒரு தொகை கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். ஒவ்வொரு முறையும் பென்ஷன் என்று அவர் எடுத்தது சில ஆயிரங்கள். அதை மட்டும் விட்டிருந்தால் இன்றைக்கு மாதாமாதம் வந்துகொண்டிருக்கும். ‘அன்னைக்கு யாருடா இதெல்லாம் சொன்னா?’ என்பார். அதுவும் நியாயம்தான், வேலையை விடும் நாளில் கையெழுத்து வாங்கிய குமாஸ்தா அதைச் சொல்லியிருக்கலாம்.

அதனால் வேலை மாறும்போது செய்ய வேண்டியது: பழைய கணக்கைப் புதிய கணக்குக்கு மாற்றுங்கள். உடனே வேறு வேலை இல்லை, பத்து வருஷமும் ஆகவில்லை என்றால், 10சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்கலாம். ‘ஸ்கீம் சர்டிஃபிகேட்’ என்று கேட்டால் புரியும். உங்கள் சர்வீஸ் அதில் எழுதி வைக்கப்படும்; நாளைக்கு இன்னொரு இடத்தில் சேர்ந்தால் அதையும் சேர்த்துக்கொள்வார்கள். பி.எஃப். பணத்தை எடுத்தே ஆக வேண்டிய நெருக்கடி வரும், வராமல் இருக்காது. அப்போதும் பென்ஷனைத் தொடாமல் பி.எஃப்.பை மட்டும் எடுக்க முடியும்.

வேலை போய் இரண்டு மாதத்தில் பென்ஷன் பணத்தை எடுக்கலாம் என்றிருந்த விதியை 36 மாதமாக நீட்ட 2025 அக்டோபரில் பி.எஃப். மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது. ‘என் பணத்தை எடுக்க நீ யார் தடுக்க’ என்று கோபப்பட்டவர்கள் உண்டு. சித்தப்பாவைப் பார்த்த எனக்கு அந்தக் கோபம் பாதிதான் வருகிறது. பசியோடு இருப்பவனிடம் மூன்று வருஷம் பொறு என்பது கஷ்டம்தான். ஆனால் எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு, இதனால் ஆயுள் பென்ஷன் போகும் என்று தெரிந்திருந்தது?

58-க்கு முன்னாலும் வாங்கலாம். 50 முடிந்து, வேலையையும் விட்டிருந்தால் குறைத்த பென்ஷன் தருவார்கள். 58-க்கு எத்தனை வருஷம் முன்னதாக வாங்குகிறீர்களோ, வருஷத்துக்கு 4 சதவீதம் குறையும், அந்தக் குறைப்பு ஆயுளுக்கும் நிற்கும். மாறாக 58-க்குப் பிறகு 60 வரை தள்ளிப்போட்டால் வருஷத்துக்கு 4 சதவீதம் கூடும்.

குடும்பத்துக்கு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பத்து வருஷ நிபந்தனை கிடையாது. வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துபோனால், ஒரே ஒரு மாதம் பென்ஷன் பங்கு கட்டியிருந்தாலும் மனைவிக்கோ கணவருக்கோ பென்ஷன் உண்டு. கூடவே 25 வயது வரை இரண்டு பிள்ளைகளுக்கு, துணைவரின் பென்ஷனில் ஆளுக்குக் கால் பங்கு. இது தெரியாமல் பி.எஃப். பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போன குடும்பங்கள் இருக்கின்றன.

இனி கசப்பான பகுதி. இந்தப் பென்ஷன் விலைவாசியோடு ஏறாது. 58 வயதில் 2,400 என்று நிர்ணயித்தால், 78 வயதிலும் அதே 2,400 தான். குறைந்தபட்சப் பென்ஷன் மாதம் 1,000 என்று 2014-ல் வைத்தார்கள். அதை 7,500 ஆக்கி அகவிலைப்படியும் தர வேண்டும் என்று ஓய்வூதியர்கள் வருஷக்கணக்காகப் போராடுகிறார்கள். இதற்கு நடுவே, தமிழ்நாடு அரசு முதியோர் உதவித்தொகையை 2023 ஆகஸ்டில் 1,000-லிருந்து 1,200 ஆக்கியது. வசதியற்ற முதியவருக்கு, அவர் எதுவும் கட்டாமலே, அரசு தருகிற ஓ.ஏ.பி. அது. அதிலும் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய்தான், மீதி மாநிலத்துடையது. அந்த 1,200 அதிகம் என்று நான் சொல்லவில்லை, அதுவும் போதாது. ஆனால் பத்து வருஷம் பங்கு கட்டியவருக்குத் தரும் உத்தரவாதம் அதைவிட 200 ரூபாய் குறைவாக இருப்பது எந்த ஊர் நியாயம்?

கட்டிட வேலை, வீட்டு வேலை, தள்ளுவண்டி என்று பி.எஃப். இல்லாதவர்களுக்கு 2015-ல் வந்த அடல் பென்ஷன் திட்டம் இருக்கிறது. அங்கே முழுக்க அவரவர் காசு. 18 வயதில் சேர்ந்தால் மாதம் 210 ரூபாய், 30-ல் சேர்ந்தால் 577, 40-ல் சேர்ந்தால் 1,454. 60 வயதில் மாதம் 5,000. வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்வார்கள். வருமான வரி கட்டுபவர்கள் 2022 அக்டோபர் முதல் சேர முடியாது. அரசு அங்கே செய்வது உத்தரவாதம் கொடுப்பது. முதலீட்டில் வரவு குறைந்தால் அந்த 5,000-க்குத் துண்டு விழுவதை அரசு ஈடுகட்டும். ஆனால் இன்றைக்கு 18 வயதுப் பையன் 42 வருஷம் கழித்து வாங்கப்போகும் 5,000-க்கு அன்றைக்கு என்ன வாங்க முடியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

என்னைக் கேட்டால், அந்த உத்தரவாதத்தைக் கொடுப்பதுதான் அரசு செய்ய வேண்டிய வேலை. மாதாமாதம் சேமிக்கும் ஒழுங்கை ஒரு தொழிலாளியிடம் எதிர்பார்க்கலாம். சம்பளத்தில் பிடித்தால் அவன் கட்டிவிடுகிறான். இருபது வருஷம் கழித்து அரிசி என்ன விலை விற்கும் என்ற ஆபத்தை அவன் தலையில் கட்டுவது சரியில்லை. அதைத் தாங்க அரசால் மட்டும்தான் முடியும். அந்த இடத்தில்தான் இ.பி.எஸ்.ஸும் அடல் திட்டமும் கையை விரிக்கின்றன.

கடைசியாக, இந்த வாரமே பார்த்துவைக்க வேண்டிய சில விஷயங்கள். பி.எஃப். தளத்தில் உங்கள் சர்வீஸ் வரலாற்றில் எல்லா நிறுவனங்களும் இருக்கின்றனவா, வேலையை விட்ட தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தேதி இல்லாவிட்டால் மாற்றமும் நடக்காது, எடுக்கவும் முடியாது. அப்புறம் பெயர். நம் ஊரில் இனிஷியல் ஒரு ஆவணத்தில் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். 58 வயதில் பென்ஷன் கேட்டு 10டி படிவம் போடும்போது இதற்காக அலைவதைவிட வேலையில் இருக்கும்போதே நிறுவனம் மூலம் திருத்திவிடுவது சுலபம்.

ஏற்கெனவே பென்ஷன் வாங்குகிறவர் வீட்டில் இருந்தால், அவர் ஆயுள் சான்றிதழை நவம்பரில்தான் கொடுக்க வேண்டும் என்று வரிசையில் நிற்கத் தேவையில்லை. இ.பி.எஸ்.ஸுக்கு வருஷத்தில் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். செல்போனில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். விரல் ரேகை தேய்ந்துபோன மில் தொழிலாளிகளுக்கு அது பெரிய நிம்மதி. நடக்க முடியாதவர் என்றால் தபால்காரரிடம் சொன்னால் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொடுப்பார். 2025 ஜனவரியிலிருந்து எந்த வங்கிக் கிளையிலும் இந்தப் பென்ஷனை வாங்கலாம் என்று ஆகிவிட்டது. மகன் வீட்டோடு சென்னைக்கு வந்துவிட்ட அம்மா, பென்ஷனுக்காக ஊர்க் கிளைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.